ஒரே சட்டையில் பத்தொன்பது பருவங்கள்

1960இல் இரண்டு கால்பந்து வீரர்கள் ஓய்வு பெற்றார்கள். ஒருவர் டாம் ஃபின்னி. இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயரில் உள்ள பிரஸ்டன் என்ற பஞ்சாலை ஊரில் பிறந்து, அந்த ஊர் கிளப்பான பிரஸ்டன் நார்த் எண்டுக்கு மட்டுமே 14 பருவங்கள் லீக் ஆடியவர். இன்னொருவர் சைலன் மன்னா. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையான ஹவுராவில் பிறந்தவர். 1942இல் மோகன் பகானில் சேர்ந்தபின் 19 பருவங்கள் வேறு கிளப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். இருவரும் ஒரு மைதானத்தில் எதிரெதிரே நின்றதில்லை. ஆனால் இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரே குணத்தைத்தான் முதலில் சொல்வார்கள்: விட்டுப் போகாத மனுஷன்.

அந்தப் புகழுக்கு இருவருமே தகுதியானவர்கள். இருந்தாலும் விசுவாசத்தைக் குணமாக மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தால் வரலாற்றில் பாதி விடுபட்டுப் போகிறது. அப்படி நின்றவரால் போக முடிந்திருக்குமா? போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? போகாமல் இருந்தவருக்கு யார் சோறு போட்டார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டால்தான் ஒருவர் ஓரிடத்தில் நின்றதன் முழுப் பொருளும் விளங்கும்.

கால்பந்துக்கு வெளியே, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் வாழ்கிற எங்களுக்கு விசுவாசம் என்றதும் மனதில் வருகிற ஆள் ஒருவர் உண்டு. செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜனின் கதைப்பாட்டில் வரும் அவன் நண்பன் மோவுத்துக்காரன், அதாவது மகபத்கான். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படை செஞ்சி மேல் வந்தபோது, தன் கல்யாணப் பந்தலை விட்டு எழுந்துபோய் நண்பனுக்காகச் சண்டையிட்டு மாண்டவன் என்று கதை சொல்கிறது. நீலாம்பூண்டியில் தேசிங்கின் குதிரைக்கும் மகபத்கானுக்கும் சமாதிகள் இருப்பதாக இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இதே கோட்டையின் எழுதப்பட்ட வரலாறு வேறு மாதிரி. 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கொடி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க முகலாயர் போட்ட எட்டாண்டு முற்றுகையின் நடுவில், ஔரங்கசீப்பின் சொந்த மகன் காம் பக்ஷே கோட்டைக்குள் இருந்த மராட்டியரோடு ரகசியமாகப் பேசினார் என்று கைது செய்யப்பட்டார். பாட்டில் இருப்பது ஒரே நாளில் உயிரைக் கொடுத்த விசுவாசம். கோட்டையின் வரலாற்றில் இருப்பது கூலி, பாக்கி, பயம், பேரம். கால்பந்து கிளப்பில் நிற்பவனின் விசுவாசம் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அவன் ஒருநாளில் சாகவேண்டியதில்லை. பத்தொன்பது வருஷம் தினமும் பயிற்சிக்குப் போகவேண்டும், வீட்டில் அரிசியும் வாங்கவேண்டும்.

முதலில் ஃபின்னி. 1922 ஏப்ரல் 5ஆம் தேதி பிறந்தார். பிரஸ்டன் கிளப்பின் டீப்டேல் மைதானம் வீட்டுக்குப் பக்கம். பையனுக்கு ஆட்டம் வருகிறது என்று கிளப் கூப்பிட்டபோது, குழாய்வேலைப் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று அப்பா சொல்லிவிட்டார். அப்படியே முடித்தார். பிறகு போர் வந்தது; எகிப்தில் பிரிட்டிஷ் எட்டாவது படையில் இருந்தார். 24 வயதில்தான் முதல் லீக் ஆட்டம். அதன்பின் 433 லீக் ஆட்டங்கள், 187 கோல்கள். இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள், 30 கோல்கள். வலது விங், இடது விங், நடுமுன்களம் என்று எங்கு நிறுத்தினாலும் ஆடினார். 1954, 1957 என்று இரண்டு முறை ஆண்டின் சிறந்த வீரர் விருது. இத்தனையும் பெற்றவரின் கையில் பெரிய கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. 1953இலும் 1958இலும் லீகில் இரண்டாம் இடம், 1954 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் 3-2 என்று தோல்வி.

1952இல் இத்தாலியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சிசிலித் தீவின் பலேர்மோ கிளப்பை நடத்திய பிரபு ஒருவர், கையெழுத்துப் போட்டால் 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு சம்பளம், வெற்றிக்குத் தனிப் பணம், கடலோர வீடு, கார் எல்லாம் தருவதாகச் சொன்னார். அன்றைக்கு இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து வீரருக்கும் வாரம் 14 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்பது லீகின் விதி. ஆண்டு முழுவதும் அதே 14 என்று வைத்துக்கொண்டாலும், அந்த முன்பணம் பதிமூன்று ஆண்டுச் சம்பளத்துக்கு மேல். ஃபின்னி கிளப்பிடம் போய்ச் சொன்னார். கிளப் முடியாது என்றது. பேச்சு அதோடு முடிந்தது.

எப்படி அவ்வளவு எளிதாக முடிந்தது என்றால், ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரின் பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும் ஏற்பாடு அன்று இருந்தது. ஒவ்வொரு பருவ முடிவிலும் கிளப் இரண்டு பட்டியல்கள் போடும்: வைத்துக்கொள்பவர்கள், விற்பதற்கு வைத்தவர்கள். வைத்துக்கொள்ளும் பட்டியலில் பெயர் வந்துவிட்டால், புதிய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் வேறு கிளப்புக்கு ஆட முடியாது. கையெழுத்துப் போடாவிட்டால் சம்பளமும் வராது. போல்டனின் நாட் லாஃப்ட்ஹவுஸ், வுல்வர்ஹாம்ப்டனின் பில்லி ரைட், போர்ட்ஸ்மவுத்துக்காக 764 லீக் ஆட்டங்கள் ஆடிய ஜிம்மி டிக்கின்சன், ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் என்று அந்தத் தலைமுறையில் மட்டும் இங்கிலாந்து லீகில் ஒரே கிளப்புக்கு ஆடியவர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு, அந்தக் காலத்து மனிதர்களின் மேன்மை மட்டும் காரணமாக இருக்க முடியாது. எங்கே போனாலும் அதே சம்பளம், போகவும் விடமாட்டார்கள். 1961 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு நீங்கியது. ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்துத் தக்கவைத்தது ஃபுல்ஹாம். நியூகாசில் கிளப் விட மறுத்ததால் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போன ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், வீரரைப் பிடித்துவைக்கும் அந்த முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று 1963இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபின்னி ஓய்வுபெற்று மூன்றாண்டு ஆகியிருந்தது.

பலேர்மோ வாய்ப்பு கைநழுவியதை ஃபின்னி பெரிய மனக்குறையாக வளர்த்துக்கொண்டவர் இல்லை. காயம் ஆட்டத்தை நிறுத்திய மறு பருவமே, 1961இல், பிரஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. இன்றுவரை மேலே ஏறவில்லை. அந்த ஊர் அவரை எவ்வளவு நம்பி நின்றது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அவர் விசுவாசி என்பதில் சந்தேகம் கிடையாது. அந்த விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை மட்டும் சட்டம் அவருக்குக் கொடுக்கவில்லை.

கல்கத்தாவில் நிலைமை நேர் எதிர். அங்கே சம்பள உச்சவரம்பு கிடையாது. ஏட்டளவில் சம்பளமே கிடையாது. எல்லோரும் அமெச்சூர். ஆகவே கிளப்புக்கு வீரர் மேல் சட்டப்பிடி எதுவும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் பருவம் தொடங்குமுன் வங்காளக் கால்பந்தை நடத்தும் இந்தியக் கால்பந்து சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) அலுவலகத்தில் போய் எந்தக் கிளப்புக்குக் கையெழுத்துப் போடுகிறாரோ, அந்த ஆண்டு அந்தக் கிளப். வங்காளத்தில் தள்பதல் என்கிற இந்த அணிமாற்றக் காலம், பிற்பாடு ஒரு திருவிழா போலவே ஆனது. பெயர்பெற்ற வீரர்களைக் கிளப்பின் ஆட்கள் முன்கூட்டியே எங்கோ கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கடைசி நாளில் பாதுகாப்போடு அழைத்துவந்து கையெழுத்து வாங்கிய கதைகள் கல்கத்தாவில் ஏராளம். மேசைக்கு அடியில் பணமும் புழங்கியது. இப்படி ஆண்டுக்கு ஒருமுறை கதவு திறந்துவைக்கப்பட்ட வீட்டில்தான் சைலன் மன்னா 19 முறை உள்ளேயே இருந்தார்.

1924 செப்டம்பர் 1ஆம் தேதி ஹவுராவின் பாண்ட்ராவில் பிறந்தவர் மன்னா. 1940இல், அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்த ஹவுரா யூனியனில் ஆடத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் மோகன் பகான் அழைத்தது. அன்று ஹவுராவிலிருந்து கல்கத்தா மைதானத்துக்கு வரவேண்டுமானால் மிதவைப் பாலத்தைத்தான் கடக்கவேண்டும்; இன்றைய ஹவுரா பாலம் திறந்தது 1943 பிப்ரவரியில். அந்த ஆண்டே வங்காளத்தில் பஞ்சம். 1946இல் கலவரம். மறு ஆண்டு நாடு இரண்டாகி, கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்து குவிந்தார்கள். ஈஸ்ட் பெங்கால் கிளப் 1920இலேயே தொடங்கியதுதான். ஆனால் பிரிவினைக்குப் பிறகு அதற்குப் பின்னால் நின்ற கூட்டத்தின் துயரமும் வேகமும் வேறு. மோகன் பகானுக்கோ 1911இல் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கிய பெருமை. வெள்ளைக்காரனை வெறுங்காலோடு தோற்கடித்த கிளப் என்கிற அந்த நினைவுதான் மோகன் பகான் தன் வீரர்களுக்குக் கொடுத்த முதல் கூலி. அந்த ஷீல்டு மறுபடி கிடைக்க 36 ஆண்டுகள் ஆயின. 1947இல் ஈஸ்ட் பெங்காலை வென்று அதை எடுத்த அணியின் காலம் மன்னாவின் காலம். 1953இல் கிளப்பின் முதல் டூரண்ட் கோப்பை, 1955இல் முதல் ரோவர்ஸ் கோப்பை. 1950 முதல் 1955 வரை அணித்தலைவர் அவர்தான்.

அவர் பின்களக்காரர். கோல் கணக்கு வைத்து எடைபோட முடியாத இடம் அது. அவரைப் பற்றி, கூட ஆடியவர்களும் பார்த்தவர்களும் சொல்வது இரண்டு விஷயம்: இடம்பார்த்து நிற்கும் நிதானம், தூரத்திலிருந்து அடிக்கும் ஃப்ரீ கிக். இந்த இரண்டாவதைச் சற்று நின்று யோசிக்கவேண்டும். கல்கத்தா லீக் மழைக்காலத்து ஆட்டம். அன்றைய பந்து தோல் பந்து. வாயை நாடா போட்டுக் கட்டியிருப்பார்கள். மழையில் நனைந்தால் தோல் தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். அந்தப் பந்தை, கணுக்காலைச் சுற்றித் துணிக்கட்டு மட்டும் போட்ட வெறும் புறங்காலால், முப்பது கெஜத்திலிருந்து கோலை நோக்கி அடிக்கவேண்டும். நாடா முடிச்சு காலில் பட்டால் தோல் கிழியும். வெறுங்கால் ஆட்டத்தை ஏழ்மையின் அடையாளமாகவோ வீரத்தின் அடையாளமாகவோ எழுதுவது வழக்கம். மைதானத்தில் அது முதலில் ஒரு கைத்திறன். பந்தைக் காலால் தொட்டு உணர்ந்து, ஈரத்தரையில் விரல்களால் பிடித்து நின்று ஆடுகிற நுட்பம். காய்ந்த தரையிலும் மென்மழையிலும் அது பூட்ஸை வெல்லும். குளிரிலும் சேற்றிலும் தோற்கும்.

இரண்டையும் மன்னா தன் காலிலேயே கண்டார். 1948 ஜூலை 31ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக்கில் இல்ஃபோர்டின் கிரிக்கிள்ஃபீல்டு மைதானத்தில் பிரான்சுக்கு எதிராக இந்தியா ஆடியது. சுதந்திர நாடாக முதல் ஆட்டம். அணித்தலைவர் நாகா மலையிலிருந்து வந்த டி. ஆவ், அவரும் மோகன் பகான்காரர்தான். பெரும்பாலோர் வெறுங்கால். முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. எழுபதாவது நிமிடம் இந்தியா சமன் செய்தது. கடைசி நேரத்தில் பிரான்ஸ் இரண்டாவது கோல் போட்டு 2-1 என்று வென்றது. இடையில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன; இரண்டும் வீணாயின. அதில் ஒன்றை அடித்தவர் மன்னா. ஒரு ஒலிம்பிக் வெற்றியைத் தவறவிட்ட பெயர் எளிதில் ஒருவரை நசுக்கிவிடும். மூன்றே ஆண்டில், 1951 மார்ச்சில், புதுதில்லி ஆசிய விளையாட்டில் அவரே அணித்தலைவராக நின்று, மேவாலால் போட்ட கோலில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினார். மறு ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியாவிடம் 10-1. அதற்கும் தலைவர் அவர்தான். பூட்ஸ் கட்டாயம் என்ற முடிவுக்கு இந்தியக் கால்பந்து வந்தது அதற்குப் பிறகே.

1950 பிரேசில் உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றும் போகாத கதையிலும் மன்னா உண்டு. போயிருந்தால் அவர்தான் தலைவர். வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்றதால் போகவில்லை என்று இன்றும் பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகம்வரை எழுதுகிறார்கள். மன்னாவே பிற்காலத்தில் அதை மறுத்தார்: ஒலிம்பிக்தான் அன்று அவர்களுக்குப் பெரிது, உலகக் கோப்பையின் மதிப்பு இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்லப்படவில்லை என்றார். அந்தப் போட்டியில்தான் அமெரிக்காவிடம் 1-0 என்று இங்கிலாந்து தோற்றது. அந்த அணியில் ஃபின்னி ஆடினார்.

1948 ஒலிம்பிக் அணியை ஒரு தமிழ் வாசகர் இன்னொரு முறை பார்க்கவேண்டும். கோல்கீப்பர் கே.வி. வரதராஜ். முன்களத்தில் வஜ்ரவேலு, தன்ராஜ். பிரான்சுக்கு எதிராக அந்தச் சமன் கோலைப் போட்டவர், அதாவது ஒலிம்பிக் கால்பந்து வரலாற்றில் இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர், சாரங்கபாணி ராமன். இவர்களில் பலர் பெங்களூரில் ஆடி வளர்ந்தவர்கள். தன்ராஜ் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், அகமது கான், அப்பாராவ், வெங்கடேஷ், சாலே ஆகியோரோடு பஞ்சபாண்டவர் என்று பெயர்பெற்ற முன்வரிசையில் ஒருவரானார். ஐந்து பேரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று ஷீல்டு. தென்னிந்தியக் கால்பந்தின் மிகச் சிறந்த தலைமுறை தன் ஆட்டத்தின் உச்சத்தை வங்காளத்தில்தான் ஆடித் தீர்த்தது.

இங்கேதான் மன்னாவின் விசுவாசத்தைப் பற்றிய என் எண்ணம் மாறுகிறது. தென்னிந்தியர்கள் ஆடுவதற்கு ஊரை விட்டு வரவேண்டியிருந்தது. மன்னாவுக்கோ வீட்டிலிருந்து ஆற்றைக் கடந்தால் மைதானம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை. அதன் தலைமையகம் சௌரங்கியில், மைதானத்தை ஒட்டிய சாலையில். வீடு, ஆபீஸ், கிளப் மூன்றும் ஒரே வட்டத்துக்குள். கையெழுத்துப் போடும் காலத்தில் யார் எவ்வளவு பணம் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லும் தெம்பு, ஒன்றாம் தேதி ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவருக்கு உண்டு. இது அவர் பெருமையைக் குறைக்காது. அதே வசதி இருந்தும் பணத்துக்குப் போனவர்கள் அங்கே நிறையப் பேர். ஆனால் அந்தத் தெம்பு இல்லாமல் அந்தக் குணம் மட்டும் 19 ஆண்டு தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஃபின்னியிடம் திரும்பிப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. அப்பா வற்புறுத்திக் கற்கவைத்த குழாய்வேலைதான் அவர் குடும்பத்தைத் தாங்கியது. இங்கிலாந்துக்கு ஆடிக்கொண்டிருந்த நாட்களிலேயே தம் சகோதரரோடு குழாய்வேலை நிறுவனம் நடத்தினார். பிரஸ்டன் பிளம்பர் என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. மோகன் பகானில் 1954 முதல் 1968 வரை நின்ற சூனி கோஸ்வாமி ஸ்டேட் பாங்க்காரர். பி.கே. பானர்ஜி கல்கத்தாவின் பெரிய மூன்று கிளப்புகளில் எதற்கும் ஆடாமல் 1955 முதல் 1967 வரை ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே இருந்தார். அவருக்கு வேலைதான் கிளப், கிளப்தான் வேலை. அந்த ரயில்வே அணி 1958இல் கல்கத்தா லீகையே வென்றது. கால்பந்துக்கு விசுவாசமாக இருக்க முடிந்தவர்களுக்கெல்லாம், கால்பந்து கைவிட்டாலும் கைவிடாத இன்னொரு வேலை இருந்திருக்கிறது.

அது இல்லாதவர்கள் அலைந்தார்கள். ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், வெலிங்டன் மதராஸ் ரெஜிமென்டில் ராணுவத்துக்காக ஆடிவிட்டு, கல்கத்தாவுக்கு வந்து முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் கோல் காத்தார். ஆசியாவின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். அவரை விசுவாசி இல்லை என்று யாராவது சொன்னால், அவர் எந்த ஊரில் எந்த வீட்டில் நின்றுகொண்டு விசுவாசமாக இருந்திருக்கவேண்டும் என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

துளசிதாஸ் பலராமின் கதை இன்னும் கனமானது. செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1936இல் பிறந்தவர். வறுமையான வீடு. சையது அப்துல் ரகீம் என்ற பெரும் பயிற்சியாளரின் கண்ணில் பட்டு, இருபது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக் போன அணியில் இருந்தார். இந்தியா நான்காம் இடம் பெற்ற ஒலிம்பிக் அது. 1957இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார். 1961இல் அவர் தலைமையில் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீகை வென்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய அணியில் பி.கே., சூனி, பலராம் மூவரும் சேர்ந்து ஆடினார்கள். இந்தியக் கால்பந்து அந்த உயரத்தை அதற்குப்பின் தொடவில்லை.

அதன்பின் பலராமுக்கு நுரையீரல் உறை நோய் வந்தது. 1963இல் பி.என்.ஆர். ரயில்வே அணிக்குப் போய், கொஞ்ச காலத்திலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டார். வயது 27. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் ஒரு சிறிய ஃபிளாட்டில் வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16ஆம் தேதி காலமானார். தாம் உச்சத்தில் ஆடிய கிளப் தம்மை நடத்திய விதம் குறித்து அவருக்குக் கடைசிவரை ஆறாத மனவருத்தம் இருந்தது. தன் உடலை அந்தக் கிளப்புக்குக் கொண்டுபோகவேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார் என்பது இரங்கல் செய்திகளில் வந்தது. விசுவாசத்தைப் பற்றிய எழுத்துகள் எப்போதும் வீரன் கிளப்புக்கு என்ன செய்தான் என்பதையே எண்ணுகின்றன. கிளப் வீரனுக்கு என்ன செய்தது என்ற பக்கத்தைத் திறந்தால், மன்னாவுக்குப் பக்கத்திலேயே பலராமின் பெயரையும் எழுதவேண்டி வருகிறது. 1971இல் மன்னாவுக்குப் பத்மஸ்ரீ, 2001இல் மோகன் பகான் ரத்னா. 2012 பிப்ரவரி 27ஆம் தேதி இறந்தபோது கல்கத்தா மொத்தமும் அவரைத் தன் வீட்டுப் பெரியவராகத்தான் நினைத்தது. ஈஸ்ட் பெங்காலுக்காகத் தன் நுரையீரலைத் தேய்த்த தமிழ்வீட்டுப் பிள்ளைக்கு அந்த வீடு கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதை ஏன் வேறு மாதிரிப் போனது? இங்கே மோகன் பகான் போல ஊரே சொந்தம் கொண்டாடும் கிளப் ஒன்று எழவில்லை. சந்தோஷ் கோப்பை 1941இல் தொடங்கியதிலிருந்து நம் மாநிலம் ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை, ஏ.ஜி. ஆபீஸ், வங்கிகள், போலீஸ் என்று சென்னை லீகை நடத்தியதே ஆபீஸ் டீம்கள்தான். ஒருவர் இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தார் என்றால், கால் ஓயும்வரை அந்த ஆபீஸின் சட்டைதான். பிறகு அதே ஆபீஸில் மேசை வேலை, ஓய்வூதியம். எண்ணிப் பார்த்தால், ஒரே அணிக்கு ஆடியவர்கள் நிறைய இருந்திருப்பது இப்படிப்பட்ட லீகுகளில்தான். அவர்களை யாரும் விசுவாசிகள் என்று எழுதவில்லை. வருமான வரித்துறைக்காகக் கோல் போட்டவருக்குக் கேலரியில் பாட்டுப் பாட ஆள் இல்லை. அவருக்குச் சிலையும் வராது. ஆனால் மன்னாவைத் தாங்கிய அதே தூண்தான் இவர்களையும் தாங்கியது. மன்னாவுக்கு அதன்மேல் ஒரு கிளப்பும், ஒரு ஊரும், 1911இன் நினைவும் ஏறி நின்றன. இவர்களுக்குத் தூண் மட்டும் இருந்தது.

செஞ்சிக்கு இன்னும் ரயில் கிடையாது. விழுப்புரமோ திண்டிவனமோ போய்த்தான் ஏறவேண்டும். ஆனால் கோட்டை அடிவாரத்திலும் பள்ளி மைதானங்களிலும் மாலையில் பந்து உதைக்கிற பையன்களிடம் பேசினால், அவர்களில் கொஞ்சம் நன்றாக ஆடுகிறவன் முதலில் கேட்பது ஸ்போர்ட்ஸ் கோட்டாவைப் பற்றித்தான். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு, போலீஸ் ஆள்சேர்ப்பு, ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீடு, எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று விரல்நுனியில் வைத்திருப்பான். பையன்கள் ஆட்டத்தை நேசிக்காமல் வேலையைத் தேடுகிறார்கள் என்று பெரியவர்கள் சிலர் குறைப்படுவதுண்டு. எனக்கு அந்தக் குறையில் உடன்பாடில்லை. பிரஸ்டனில் ஃபின்னியின் அப்பா மகனிடம் சொன்னதைத்தான் இந்தப் பையன்களின் அப்பாக்களும் சொல்கிறார்கள். ஃபின்னி அந்தக் குழாய்வேலையைக் கற்றுக்கொண்டதால் ஆட்டத்தில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

செய்யவேண்டிய வேலை வேறு இருக்கிறது. சென்னை லீகில் ஐம்பதுகள் முதல் எண்பதுகள் வரை ஆடிய ஆபீஸ் டீம் வீரர்கள் பலர் இன்று எண்பதைக் கடந்தவர்கள், பலர் போயும்விட்டார்கள். கல்கத்தாவுக்குப் போகாமல் இங்கேயே நின்றவர்கள் யார், யாருக்கு அழைப்பு வந்தது, ஏன் போகவில்லை, சம்பளம் எவ்வளவு, காயம்பட்டபோது ஆபீஸ் என்ன செய்தது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்து எழுதிவைக்கப்படவேண்டும். ஆபீஸ் விளையாட்டுப் பிரிவுகளின் பழைய அணிப் பட்டியல்கள், லீக் அட்டவணைகள், குழுப் படங்கள் எந்த அலமாரியில் இருந்தாலும் கழிவுத்தாளுக்குப் போகுமுன் எடுத்துவைக்கவேண்டும். கல்கத்தா தன் மன்னாவைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறது. பிரஸ்டன் தன் ஃபின்னிக்குத் தண்ணீர் தெறிக்கும் சிலை ஒன்றை மைதான வாசலில் வைத்திருக்கிறது. நம்மவர்களைப் பற்றிய முதல் பட்டியலே இனிமேல்தான் தயாராகவேண்டும். அதை விழுப்புரம் மாவட்டத்திலிருந்து தொடங்குவதற்கும் தடையில்லை: ரயில்வே வேலை கிடைத்து இங்கிருந்து போய், ஒரே சட்டையில் ஆடி, ஓய்வுபெற்றுத் திரும்பி வந்தவர்களை முதலில் விழுப்புரம் ரயில்வே குடியிருப்புப் பக்கம் போய் விசாரிக்கலாம்.